கிணற்றுக்குள் விளக்கு கொண்டு போகும் ஆட்டம்

இதை எழுத வேண்டும் என்று பேனாவை எடுத்ததும், பயந்து மூடி வைத்ததும் எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். மளிகைச் சீட்டும், ஊருக்குக் கடிதமும் தவிர வேறு எழுதிப் பழக்கமில்லை. ஆனால் தயங்கியதற்கு அது காரணமில்லை. எழுதினால் என் மகளின் கல்யாணம் தடைப்படுமோ என்று முதலில் பயந்தேன். கல்யாணம் ஆன பிறகு, மாமியார் வீட்டு உறவில் யாராவது படித்துவிட்டால் என்று பயந்தேன். இந்த இரண்டு பயத்துக்கும் அடியில் இன்னொன்று கிடந்தது. அதை அதற்குரிய இடம் வரும்போது சொல்கிறேன். இப்போதே சொல்லக் கை வரவில்லை.

போன தை மாதம் கூடுவாஞ்சேரியில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள், முன்பின் தெரியாதவள், பொழுது போகாமல் என்னிடம் சொன்னாள்:

"உங்களுக்குத் தாம்பரம்ன்றீங்களே, இது தெரியுமா? முன்னாடி அங்க ஒரு வூட்ல டிவி பொட்டிக்குள்ள இருந்து கெணத்துப் பேய் வந்து ஒரு பொண்ணப் புடிச்சிகிச்சாம். புகையா வந்துச்சாம். அதுக்கப்புறம் அந்தப் பொண்ணுக்குப் பேச்சே இல்லையாம்."

அந்தப் பெண் எங்களுக்கு மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்து தன் குழந்தையோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள். அவள் காதிலும் விழுந்தது. வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "எழுதிடும்மா. நீ எழுதலைன்னா அவங்க சொல்றதுதான் நிக்கும். நான் போன பிறகும் நான் பேய் புடிச்ச பொண்ணாவே இருப்பேன்."

அதனால் எழுதுகிறேன். பெருமாள் துணை.

அது எண்பதுகளின் கடைசி. மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஓட்டு வீட்டின் பாதியில் நாங்கள் குடியிருந்தோம். மறுபாதியில் காய்கறிக் கூடைக்காரம்மா ஒருவர் இருந்தார். நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். என் வீட்டுக்காரர் டிவி மெக்கானிக். ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார். அந்தக் கடையை ஒட்டி ஒரு வீடியோ கேம் கடை. திரை போட்ட வாசல், உள்ளே ஆள் உயரத்துக்கு மூன்று மரப்பெட்டி மெஷின்கள். காசு போட்டால் ஆட்டம் தொடங்கும். எங்கிருந்தோ கப்பலில் வந்து, கை மாறி, துறைமுகத்துப் பக்கமிருந்து தாம்பரம் வந்து சேர்ந்தவை. ஆட்டத்தின் பெயர் நெற்றியில் எழுதியிருக்கும், ஆனால் அது என்ன எழுத்து என்றே யாருக்கும் தெரியாது. அதனால் ஜனங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்று "மீன் போட்டு", அதாவது மீன் பிடிக்கிற படகு. இன்னொன்று "பேஜார் ரயில்". மூன்றாவது "வெளக்குக் கெணறு".

இந்த மூன்றாவதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பிற்காலத்தில் எத்தனையோ பேரிடம் விசாரித்திருக்கிறேன். அப்படி ஒரு ஆட்டத்தைக் கேள்விப்பட்டதாகக்கூட ஒருவரும் சொன்னதில்லை.

ஒரு சின்ன மனிதன் கையில் விளக்கோடு ஒரு பெரிய படிக்கிணற்றில் இறங்குவான். ஒவ்வொரு படியிலும் ஒரு மாடம். மாடத்தில் விளக்கு வைத்துவிட்டு அடுத்த படிக்குப் போக வேண்டும். மேலிருந்து வௌவால்கள் வந்து கைவிளக்கை அணைக்கப் பார்க்கும். அணைந்துவிட்டால் அவ்வளவுதான். கீழே தண்ணீருக்குள் இரண்டு கண்கள் திறக்கும். திறந்து, மெதுவாக மேலே ஏறி வரும்.

என் மகளுக்கு அப்போது பத்து வயது. ஒரே பெண், வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். லீவு நாளில் அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டு போவது அவள் வேலை. பெண் பிள்ளைகள் அந்தத் திரைக்குள் போகும் வழக்கமில்லை. போகக்கூடாது என்று போர்டு ஒன்றும் கிடையாது, போக மாட்டார்கள், அவ்வளவுதான். இவள் கேரியரோடு திரை ஓரத்தில் நின்று பார்ப்பாள். ரசம் ஆறிய பிறகு இவர் வெளியே வந்து தேடுவார். அந்தக் கடைக்காரர் நல்ல பருமனான ஆள், வாய் ஓயாது. "மெக்கானிக் அண்ணா, உங்க பொண்ணு வாசல்லயே நின்னுகினு உள்ள ஆடறவனுக்கெல்லாம் ரூட்டு சொல்லிக்கினு கீது. எனக்குப் பொழப்பு ஓடுனா மாரிதான்!" என்பார்.

நானும் ஒருநாள் அவளைக் கூப்பிடப் போய் அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். கண்கள் ஏறி வந்தபோது ஓரடி பின்வாங்கினேன். ஆனால் அந்த விளக்கு அழகாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சன்னதியில் எரிகிற மாதிரி, மஞ்சளாக, அசையாமல் எரிந்தது. அந்த அசையாமல் என்ற சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் வெளிநாட்டுக்குக் குடிபோன ஒருவர், தன் வீட்டு டிவியை வருஷக்கணக்கில் பார்த்துக்கொடுத்த அன்பில், என் வீட்டுக்காரரிடம் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரையும் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கேசட்டுகளையும் கொடுத்துவிட்டுப் போனார். கம்ப்யூட்டர் என்றால் இப்போது நினைப்பது போல இல்லை. ஒரு ஸ்லேட்டு அளவு கறுப்புப் பலகை, அதில் ரப்பர் பொத்தான்கள். அதை டிவியில் மாட்ட வேண்டும். ஆட்டம் கேசட்டில் இருக்கும். டேப் ரெக்கார்டரில் போட்டு ஓடவிட்டால் ஐந்து நிமிஷம் கழித்து ஆட்டம் உள்ளே ஏறும்.

எங்களிடம் இருந்தது ஒரே டேப் ரெக்கார்டர். விடியற்காலையில் பெருமாள் பாட்டுப் போடுவது. அதே வாயிலிருந்து இந்தக் கேசட் போட்டதும் வந்த சத்தத்தை நான் எப்படி எழுதுவது? முதலில் ஒரே சீராக நீண்ட ஊளை. பிறகு கிழித்தாற்போல ஒரு கிறீச்சு. பிறகு ஆயிரம் பூச்சிகளைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கிய மாதிரி. டிவியின் ஓரமெல்லாம் கலர் கலராகக் கோடுகள் ஓடும். முதல் தடவை நான் பூஜை அறைக்குள் ஓடிப்போய் நின்றுகொண்டேன்.

ஆனால் பாருங்கள், அந்த வேலை கடைசியில் எனக்குத்தான் வந்தது. இவர் கடைக்குப் போய்விடுவார். பாப்பாவுக்குப் பொறுமை போதாது. டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் படிக்கிற ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதை அரைக்கால் திருப்பு திருப்பினால் சத்தம் தெளியும், தெளிந்தால்தான் ஆட்டம் ஏறும். நான் காதாலேயே கண்டுபிடிப்பேன். கிறீச்சு மழுங்கலாக இருந்தால் ஏறாது. கூர்மையாக, பல்லைக் கூச வைத்தால் ஏறும்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூடைக்காரம்மா கத்துவார்: "இன்னாம்மா அது, தெனம் மத்தியானம் ஆவி அலர்ற மாரி கீது! தூங்கின மன்சி நெஞ்சப் புட்ச்சிகினு எய்ந்துக்கினேன்!"

"கம்ப்யூட்டர்க்கா. பாப்பா ஆடறதுக்கு."

"நல்லா ஆடிச்சு போ. பெருமாள் பாட்டு போட்ற பொட்டில இத்த போட்டா அவுரு ஒத்துக்குவாரா?"

சிரித்துவிட்டேன். ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அட்டைப்பெட்டியில் இருந்த கேசட்டுகளில் "மீன் போட்டு" இருந்தது. பெரிய மெஷினில் நீலமாக இருந்த கடல் எங்கள் வீட்டில் மஞ்சளாக இருந்தது. படகு அதன் பக்கத்தில் போனால் படகும் மஞ்சளாகிவிடும். "ஏம்ப்பா, கடல்ல சாம்பார் கொட்டிட்டாங்களா?" என்று பாப்பா கேட்டாள். இவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு விளக்கினார். "அது பெரிய மெஷினுக்குன்னே செஞ்ச ஆட்டம். அந்தச் சரக்கு முழுசா இந்தச் சின்னப் பலகைக்குள்ள ஏறாது. அதனால வேற ஒருத்தன் உக்காந்து இதுக்குத் தக்கபடி புதுசா மாத்தி எழுதுவான். நிறத்தைக் குறைப்பான், பாட்டை எடுத்துடுவான், முடியாததுக்கு பதில் வேற ஏதாவது வைப்பான். ஆட்டம் அதே ஆட்டந்தான். ஆனா அதே இல்ல."

பெட்டியின் அடியில், கிழிந்த உறையில் விளக்கும் கிணறும் படம் போட்டிருந்த ஒரு கேசட்டாக "வெளக்குக் கெணறு" கிடைத்தது. பாப்பா குதித்த குதியில் ஓடு அதிர்ந்தது. அது கிடைத்தது நவராத்திரியின் நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ. அந்த வாரம் முழுவதும் தெருவில் கொலு பார்க்கப் போவதும் வருவதுமாக இருந்ததால் ஒருநாளும் போட நேரமில்லை. அப்படியே சரஸ்வதி பூஜை வந்தது.

சரஸ்வதி பூஜை அன்று நாம் வேலை செய்கிற சாமான்களையும் படிக்கிற புத்தகத்தையும் சாமி முன் வைப்பது வழக்கம். இவருடைய ஸ்க்ரூ டிரைவர், மீட்டர், சால்டரிங் அயர்ன், என் அரிவாள்மனை, பாப்பாவின் புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். கூடவே அந்தக் கறுப்புப் பலகையையும், அந்தக் கேசட்டையும் எடுத்து வைத்தேன். கூடைக்காரம்மா சொன்ன வார்த்தைக்குப் பரிகாரமாக இருக்கட்டும் என்று. சாமி முன் ஒருநாள் இருந்துவிட்டால் எந்தத் தோஷமும் போய்விடும் என்று நினைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. வைத்ததையெல்லாம் எடுத்து ஒரு தடவையாவது தொட்டு வேலை செய்து தொடங்க வேண்டும். எங்கள் வீட்டில் இதை விடவே மாட்டோம். இவர் ஒரு ரேடியோவைத் திறந்து மூடினார். நான் ஒரு கத்தரிக்காய் நறுக்கினேன். பாப்பா ஒரு பக்கம் படித்தாள். பலகை மட்டும் மீதி இருந்தது.

இவர் கடையைத் திறக்கக் கிளம்பிவிட்டார். பாப்பாவுக்கு முந்தின நாளிலிருந்தே உடம்பு கதகதவென்று இருந்தது. ஒன்பது நாளும் வீடு வீடாகப் போய்வந்து தூக்கம் சரியில்லை. பூஜை முடிந்து சாப்பிடலாம் என்று அதுவரை வெறும் பாலோடு நிறுத்தியிருந்தேன்.

"தலை வலிக்குதும்மா. சாயங்காலம் ஆடறேனே."

நான்தான் சொன்னேன்: "சாமி முன்னாடி வச்சதை எடுக்காம விடக்கூடாது. ஒரே ஒரு ஆட்டம் ஆடிட்டு எழுந்திரு."

எல்லா வீட்டிலும் தாய் வேண்டாம் என்பாள், பிள்ளை ஆடும். என் வீட்டில் பிள்ளை வேண்டாம் என்றாள், நான் ஆட வைத்தேன். நான் முதலில் சொல்லாமல் விட்ட அந்த அடிப்பயம் இதுதான். இதை நான் இவரிடம்கூட மாதக்கணக்கில் சொல்லவில்லை.

நானே கேசட்டைப் போட்டேன். நானே ஸ்க்ரூவைத் திருப்பினேன். ஊளை, கிறீச்சு, கோடுகள். ஐந்து நிமிஷம். ஏறியது. பாப்பா டிவிக்கு மிகப் பக்கத்தில், கைநீளத் தூரத்தில், பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் சுண்டல் தாளிக்க உள்ளே போனேன். "ம்மா, விளக்கு வேற மாதிரி இருக்கும்மா" என்று சொன்னது கேட்டது. அதுதான் கடைசி.

பொத்தான் சத்தம் நின்றது. ஏனென்று எட்டிப் பார்த்தேன். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண் டிவியில் குத்திட்டு நின்றது. கூப்பிட்டேன். திரும்பவில்லை. அப்புறம் வாய் ஒரு பக்கம் கோணியது. கை வெட்டியது. பக்கவாட்டில் சாய்ந்து சந்தனக் கிண்ணத்தின்மேல் விழுந்தாள். உடம்பு முழுதும் தூக்கித் தூக்கிப் போட்டது. நான் கத்திய கத்தலில் கூடைக்காரம்மா பின்வாசல் வழியாக ஓடிவந்தார். வந்தவர் கண்ணில் பட்டது இரண்டு: தரையில் துடிக்கிற பிள்ளை. டிவியில், ஆடுவதற்கு ஆள் இல்லாமல் விளக்கு அணைந்து போய், கிணற்றுத் தண்ணீரிலிருந்து மெதுவாக மேலே ஏறி வருகிற இரண்டு கண்கள்.

"ஐயோ, அத்த நிறுத்து மொதல்ல! ஏறி வருது பாரு, வெளிய வருது பாரு!"

பிளக்கைப் பிடுங்கினேன். கூடைக்காரம்மா தன் இடுப்பிலிருந்த சாவிக் கொத்தைப் பாப்பாவின் கையில் திணித்து மூடிப் பிடித்தார். எவ்வளவு நேரமோ. இரண்டு நிமிஷம் இருந்திருக்கலாம். எனக்கு அது இன்னும் முடியவில்லை. அப்புறம் உடம்பு தளர்ந்தது. கண் திறந்தது, ஆனால் என்னைத் தெரியவில்லை. கன்னத்தில் சந்தனம் அப்பியிருந்தது. அந்தச் சந்தனத்தை முந்தானையால் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தேன். சாமிக்கு வைத்த சந்தனம் இப்படித் திரும்பி வந்திருக்கிறதே என்று.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இவரும் கடையிலிருந்து ஓடிவந்துவிட்டார். டாக்டரம்மா இளவயது, பொறுமையான முகம். "என்ன செய்துட்டு இருந்தா? அந்த நேரத்துல எதைப் பார்த்துட்டு இருந்தா?" என்று கேட்டார். பக்கத்திலேயே கூடைக்காரம்மா நின்றார். இவர் நின்றார். என் நாக்கு தானாகச் சொன்னது:

"படிச்சிட்டு இருந்தா டாக்டர். பாடப் புத்தகம்."

கூடைக்காரம்மா என்னைப் பார்த்தார். பேயின் பெயரை ஆஸ்பத்திரியில் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவர் நினைத்திருப்பார். நான் பயந்தது அதற்கு மட்டுமில்லை.

டாக்டரம்மா காய்ச்சல் பார்த்தார். இருந்தது. "காய்ச்சலால வந்திருக்கலாம். மறுபடி வந்தா உடனே கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். நான் சொன்ன பொய்க்கு அவர் வேறு என்ன சொல்ல முடியும்?

பலகையைப் பழைய சேலையில் சுற்றிப் பரணில் போட்டேன். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. "நான் யாராண்டயும் மூச்சு வுடல, உம்மேல சத்தியம்" என்று கூடைக்காரம்மா சொன்னார். சொல்லிக்கொண்டே ஒரு தாயத்தை நீட்டினார். அவர் கெட்டவர் இல்லை. அன்றைக்குக் கத்தல் கேட்டு ஓடிவந்தது அவர் மட்டும்தான்.

பிறகு வந்த மாதங்களை நான் எப்படிக் கடந்தேன் என்று பெருமாளுக்குத்தான் தெரியும். அவள் ஸ்பூனைக் கீழே போட்டால் ஓடுவேன். பேசிக்கொண்டே ஒரு நொடி நிறுத்தினால் என் நெஞ்சு நின்றுவிடும். பல் தேய்க்கும்போது கிணற்றடியில் போய் நிற்பேன். சனிக்கிழமை தவறாமல் திருநீர்மலைப் படியேறி, நெய் விளக்கு ஏற்றி, அவளை மட்டும் எனக்கு விட்டுவிடு என்று கேட்பேன். அங்கேயும் காற்றில் விளக்கு ஆடினால் சாமியைப் பார்க்க மாட்டேன், அவள் முகத்தைப் பார்ப்பேன்.

பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பெண் இடம் மாறிக்கொண்டாள். "கெணத்துப் பேய் வருது, வழி விடுங்கடி" என்று ஒருத்தி சொன்னாளாம். இவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒருநாள் தலை பின்னும்போது, கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"அம்மா, அது எனக்குள்ளதான் இருக்குதா? விளக்கு அணைஞ்சா ஏறி வருமா?"

"ச்சீ, அதெல்லாம் இல்லடி" என்றேன். என் குரலை நானே நம்பவில்லை. அவளா நம்புவாள்?

மாசி மாதம். ஆண்டு விழாவுக்கு வளையல் வாங்கக் கிழக்குத் தாம்பரம் போய்விட்டுத் திரும்பினோம். சாயங்காலம். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்டத்தோடு நின்றோம். எதிரே, மேற்கில், சூரியன் தாழ்ந்து முகத்தில் அடித்தது. கடற்கரை போகும் மின்சார ரயில் எங்களுக்கும் சூரியனுக்கும் நடுவில் ஓடியது. ஜன்னலும் இடைவெளியும் மாறி மாறி வந்ததில் வெயில் பளிச், இருட்டு, பளிச், இருட்டு என்று முகத்தில் அடித்தது. எனக்கே கண் கூசியது.

என் கையில் இருந்த அவள் கை கனத்தது.

திரும்பிப் பார்த்தேன். கண் அதே மாதிரி குத்திட்டு நின்றது. வாய் கோணத் தொடங்கியது. அவளை அப்படியே சேர்த்து அணைத்து, தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி, என் முந்தானையால் முகத்தை மூடித் தரையில் உட்கார்ந்தேன். ஏன் மூடினேன் என்று தெரியாது. கூட்டம் அவளைப் பார்க்கக்கூடாது என்றுதான் மூடினேன் போல. இரண்டு வெட்டு வெட்டியது. நின்றுவிட்டது. ரயில் போய்விட்டது. கேட் திறந்தது. சைக்கிள்காரர்கள் மணியடித்துக்கொண்டே எங்களைச் சுற்றிப் போனார்கள். உடைந்த வளையல்கள் என் மடியில் கிடந்தன.

"தண்ணி குடும்மா அந்தப் புள்ளைக்கி" என்று யாரோ சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து அவளைப் படுக்க வைத்துவிட்டு உட்கார்ந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. கேட்டில் மெஷின் இல்லை. கிணறு இல்லை. கண்கள் இல்லை. டேப் ஊளையிடவில்லை. சாமிக்கு நான் எதையும் தப்பாக வைக்கவில்லை. அப்புறம் எப்படி வந்தது? இரண்டு இடத்திலும் என்ன இருந்தது?

மறுநாள் பாப்பாவை இவரோடு கடையிலேயே உட்கார வைத்திருக்கச் சொல்லி அனுப்பினேன். உச்சி வெயில் நேரம். வீட்டில் நான் தனி. நெற்றிக்கு இட்டுக்கொண்டு, பெருமாள் முன் விழுந்து எழுந்து, பரணிலிருந்து அந்த மூட்டையை இறக்கினேன். சேலையைப் பிரித்தபோது பலகையில் காய்ந்த சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது. கேசட் கையிலிருந்து இரண்டு தடவை நழுவியது.

டேப்பைப் போட்டேன். ஊளை தொடங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. "அடிப்பாவி, மறுபடியுமா?" என்று குரல் வந்தது. ஐந்து நிமிஷமும் பெருமாள் பெயரைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது என்னையும் பிடிக்குமானால் பிடிக்கட்டும், பிள்ளையை விடட்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஆட்டம் வந்தது. அந்த மனிதன் முதல் படியில் நின்றான். கையில் விளக்கு. அப்போதுதான் அதை நேராகப் பார்த்தேன். விளக்கு எரியவே இல்லை. அந்தச் சின்னப் பலகையால் விளக்கைச் சுற்றி ஒளி வரைய முடியாது. அதனால் மாற்றி எழுதினவன், விளக்கு எரிகிறது என்று காட்டுவதற்காக, மொத்த டிவியையும் வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று படபடவென்று அடிக்க விட்டிருந்தான். இரண்டாம் படிக்கு இறங்கியதும் அடி இன்னும் வேகமானது. எனக்குத் தலை சுற்றியது. ரயில் ஓடியது போலவே இருந்தது.

எனக்கு ஆடத் தெரியாது. அந்தப் படியிலேயே வௌவால் வந்து விளக்கை அணைத்தது. படபடப்பு நின்றது. எல்லாம் இருட்டு. கண்கள் இரண்டும் திறந்து ஏறி வந்தன. நான் அசையாமல் பார்த்தேன். பக்கத்தில் வந்ததும் அவை நாலு நாலு கட்டமாகத் தெரிந்தன. கோலத்துப் புள்ளி போல. டிவியின் மேல் விளிம்புக்கு வந்து நின்றன. அதற்குமேல் அவற்றுக்குப் போக இடமில்லை.

அழுதேன். ரொம்ப நேரம்.

பிறகு ஸ்டேஷன் சந்துக்கு ஓடினேன். இவர் என் முகத்தைப் பார்த்துப் பதறி எழுந்தார். "பாப்பாவை விட்டு நகராதீங்க" என்று சொல்லிவிட்டு நான் நேராக வீடியோ கேம் கடைத் திரையை விலக்கி உள்ளே போனேன். ஆடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா அக்கா, ஒனக்கும் ஆட்டம் புட்ச்சிப் போச்சா?" என்றார் கடைக்காரர்.

"அண்ணா, அந்த வெளக்குக் கெணறைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்க. விளக்கை மட்டும் பார்க்கணும்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். தானே நின்று ஆடினார். பத்துப் படி இறங்கினார். நான் மூக்கு ஒட்டுகிற மாதிரி நின்று பார்த்தேன். விளக்கு மஞ்சளாக, அசையாமல் எரிந்தது. ஒரு தடவைகூட மினுக்கவில்லை. அதே கிணறு, அதே வௌவால், அதே கண்கள். இந்தத் திரை ஓரத்தில் என் பெண் எத்தனை நாள் நின்று பார்த்திருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் ஆனதில்லை.

இவரிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னேன். விஜயதசமியன்று அவள் வேண்டாம் என்றதையும், நான் ஆட வைத்ததையும் சேர்த்து. இவர் கையிலிருந்த சால்டரிங் அயர்னை அணைத்து வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்மா" என்றார். பிறகு கடையைச் சாத்தினார்.

அதே டாக்டரம்மா. நான் கைகூப்பிக்கொண்டு சொன்னேன்: "நான் அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன் டாக்டர். புத்தகம் படிக்கல. நான்தான் அவளை டிவி முன்னாடி உட்கார வச்சேன்." விளக்கு அடித்ததையும், ரயில் ஓடியதையும், பெரிய மெஷினில் விளக்கு அடிக்காததையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இதை நீங்களே பார்த்துக் கண்டுபிடிச்சீங்களா?"

"ஆமா."

"இது வலிப்பு நோய்ல ஒரு வகைம்மா. படபடன்னு அடிக்கிற வெளிச்சம் சில பிள்ளைகளுக்கு ஆகாது. தூக்கம் இல்லாம, சாப்பிடாம இருந்தா இன்னும் சீக்கிரம் வரும். பேயும் இல்ல, சாபமும் இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன், தலைக்கு ஒரு பரிசோதனை எடுக்கணும். மருந்து இருக்கு." பிறகு கொஞ்சம் கடுமையாகச் சொன்னார்: "அடுத்த தடவை சாவிக் கொத்தைத் தேடாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வச்சுப் பக்கத்துல இருங்க. அப்புறம், டாக்டர்கிட்ட பொய் சொல்லாதீங்க."

பாப்பா என் பின்னால் நின்றிருந்தாள். "அப்ப எனக்குள்ள ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாள்.

"உனக்குள்ள நீதான் இருக்கே" என்றார் அவர்.

வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டாள். ஒரு வேளைகூட நான் மறந்ததில்லை. நடுவில் இரண்டு தடவை வந்தது, பிறகு வரவில்லை. டாக்டர்களே பார்த்துப் பார்த்து மாத்திரையைக் குறைத்து நிறுத்தினார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண் பார்க்க வந்த அன்றே அவளே சொன்னாள். மாப்பிள்ளை கேட்டது ஒன்றுதான்: "டியூப் லைட் மினுக்கினா உடனே மாத்திடணும், அவ்வளவுதானே?" நான் பயந்து பயந்து மறைத்து வைத்தது அவ்வளவில் முடிந்தது.

ஆனால் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. கல்யாண வீட்டுச் சீரியல் பல்புகள் விட்டு விட்டு எரிந்தால் இன்றைக்கும் என் கை தானாக அவள் முகத்துக்கு நேரே போய் மறைக்கிறது. "அம்மா, எனக்கு வயசாகுதும்மா" என்று சிரிக்கிறாள். அவள் குழந்தை கையில் போனை வைத்துக்கொண்டு எதையோ விளையாடினால், எட்டிப் பார்த்துத் திரை படபடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எனக்கு மூச்சு வருகிறது.

படிக்கிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு நான் கேட்பது ஒன்று. இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். பிள்ளை பெற்றவர்களிடம் முக்கியமாகச் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். சுவைக்காகப் புகையைச் சேர்க்காதீர்கள், கண்கள் வெளியே வந்ததாகச் சொல்லாதீர்கள், அவை கட்டம் கட்டமாகத்தான் இருந்தன. என் மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்கவும் வேண்டாம். பிள்ளை தலை வலிக்கிறது என்று சொன்ன பிறகும், ஒரே ஒரு ஆட்டம் ஆடிட்டு எழுந்திரு என்று சொன்னது நான்தான். அந்த வரியை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள்.